டர்பன் துறைமுகத்தில் அயல் கடலுயிர்களைக் கண்டுபிடித்துத் தடுப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சல்டானா வளைகுடாவில் 1979-இல் ஒரு கருநீல மட்டி பதிவானது. ஐரோப்பாவின் மத்திய தரைக்கடலைச் சொந்த இடமாகக் கொண்டது அது. அதே பாறைகளில் தென்னாப்பிரிக்காவின் சொந்தக் கறுப்பு மட்டியும் இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வந்தது வேறு இனம்தான் என்று 1980-களில் மரபணு ஆய்வு உறுதி செய்வதற்குள் அது மேற்குக் கரையில் வெகுதூரம் பரவிவிட்டது. இன்று அதை அங்கிருந்து யாராலும் எடுக்க முடியாது.

இந்தத் துறைக்கு வருகிற மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். கடலில் ஓர் அயல் உயிர் வந்து சேர்வதற்கும் அது வேரூன்றுவதற்கும் இடையில் கொஞ்ச காலம் கிடைக்கும். சில மாதம், அதிர்ஷ்டம் இருந்தால் ஓரிரு ஆண்டு. நம் வேலை முழுவதும் அந்த இடைவெளிக்குள் நடக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இடைவெளியைத் தவறவிடாமல் இருப்பதற்காகத்தான். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள டர்பனை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மொரிஷியஸின் போர்ட் லூயிஸிலோ சென்னையிலோ இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

சொல் ஒன்றைப் பற்றி முதலிலேயே பேசிவிடுகிறேன். தமிழில் இவற்றை ‘வந்தேறி’ என்று எழுதுபவர்கள் உண்டு. நான் எழுதுவதில்லை. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர் இது. மனிதரைப் புண்படுத்தப் பழகிய சொல்லை ஒரு மட்டிக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. மனிதர் கொண்டுவந்து சேர்த்த உயிருக்கு ‘அயல் உயிர்’ என்று சொல்கிறேன். அது தானாகப் பெருகி, பரவி, இருப்பவற்றை நெருக்க ஆரம்பித்தால் ‘ஆக்கிரமிப்பு உயிர்’. அயலானவை எல்லாம் ஆக்கிரமிப்பதில்லை. தென்னாப்பிரிக்கக் கடலில் 2020-இல் வெளியான பட்டியலில் அயல் இனங்கள் 95. அவற்றில் ஆக்கிரமிப்பு என்று குறிக்கப்பட்டவை பாதிக்குச் சற்று மேல். எங்கிருந்து வந்தது என்றே சொல்ல முடியாத இனங்களும் உண்டு. கப்பல்கள் பல நூறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன, நாம் எண்ணத் தொடங்கியது நேற்றுதான். அவற்றை ‘பூர்வீகம் தெரியாதவை’ என்று தனியாகவே வைத்திருங்கள். அவசரப்பட்டு எந்தப் பக்கமும் சேர்க்காதீர்கள்.

படி 1: வழிகளை வரைந்துகொள்ளுங்கள்

தண்ணீரில் இறங்குவதற்கு முன் மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலை இது. உங்கள் துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் எங்கிருந்து வருகிறது, சரக்கோடு வருகிறதா, வெறுமையாக வருகிறதா?

வெறுமையாக வரும் கப்பல் நிலை தடுமாறாமல் இருக்க, புறப்பட்ட இடத்துத் தண்ணீரைத் தன் தொட்டிகளில் நிரப்பிக்கொள்ளும். இதுதான் பாலாஸ்ட் தண்ணீர். சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அதைத் திறந்துவிடும். அந்தத் தண்ணீரில் நண்டின், மட்டியின் லார்வாக்களும் (நீரில் மிதக்கும் இளம்பருவம்) நுண்பாசிகளும் பாக்டீரியாவும் இருக்கும். ஆகவே ஏற்றுமதித் துறைமுகம்தான் அதிகத் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் துறைமுகம். டர்பனுக்கு வடக்கே உள்ள ரிச்சர்ட்ஸ் பேயிலிருந்து நிலக்கரி போகிறது, சல்டானாவிலிருந்து இரும்புத் தாது போகிறது. இரண்டுக்கும் பெரிய கப்பல்கள் வெறும் வயிற்றோடு வருகின்றன. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2000-இல் பாலாஸ்ட் தண்ணீர் பற்றிய உலகத் திட்டத்தைத் தொடங்கியபோது ஆறு நாடுகளில் ஆறு முன்னோடித் துறைமுகங்களைத் தேர்ந்தெடுத்தது. ஆப்பிரிக்காவுக்குச் சல்டானா, இந்தியாவுக்கு மும்பை.

டர்பன் வேறு மாதிரி. இங்கே கன்டெய்னரும் காரும் எண்ணெயும் அதிகம். பாலாஸ்ட் தண்ணீரோடு, கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு வருபவற்றையும் சமமாகப் பார்க்க வேண்டும். நம் மீனவர்கள் வள்ளத்தில் ‘அலசு பிடித்திருக்கிறது’ என்பார்கள் இல்லையா, அதேதான். கொட்டலசு (ஓட்டோடு இறுக ஒட்டிக்கொள்ளும் சிறு உயிர்), மட்டி, கடல் பீச்சி (நீரைப் பீய்ச்சும் பைபோன்ற உயிர்), பாசி எல்லாம் கப்பலடியில் ஒரு தோட்டம்போல வளரும். சுத்தமாகத் தெரிகிற கப்பலை நம்பாதீர்கள். தட்டையான பக்கவாட்டில் ஓட்டத்தின் வேகத்துக்கு எதுவும் நிற்காது. சுக்கான் இடுக்கு, விசிறியைச் சுற்றிய பகுதி, கடல்நீரை உள்ளிழுக்கும் பெட்டி, டிரை டாக்கில் (கப்பலை நீரில்லாமல் நிறுத்திப் பழுதுபார்க்கும் இடம்) கட்டைமேல் உட்கார்ந்திருந்ததால் பெயின்ட் படாமல் போன பட்டைகள், இவற்றில்தான் ஒளிந்திருக்கும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றுவிட்டுக் கிளம்பும் பாய்மரப் படகும், மெதுவாக இழுத்து வரப்படும் மிதவைப் பாரமேடையும் பெரிய கப்பலைவிட ஆபத்தானவை. மெதுவாக வருவதால் ஒட்டியிருப்பவை உதிர்வதில்லை.

அடுத்தது வெப்பநிலை. குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம் ஓடும் மேற்குக் கரைக்கு ஐரோப்பா, சிலி, வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆகியவற்றின் உயிர்கள் ஒத்துப்போகும். வெதுவெதுப்பான அகுல்லாஸ் நீரோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் டர்பனுக்கு மும்பை, விசாகப்பட்டினம், கொழும்பு, சிங்கப்பூர்தான் உறவு. எங்கள் கண்காணிப்புப் பட்டியலில் கருவரி மட்டியை மேலே வைத்திருப்பது அதனால்தான். நடு அமெரிக்காவின் அந்தச் சின்ன மட்டி விசாகப்பட்டினத்தில் 1960-களிலேயே பதிவாகிவிட்டது. அகுல்லாஸ் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. மொசாம்பிக்கின் மபுட்டோவிலோ ரிச்சர்ட்ஸ் பேயிலோ நிலைகொள்ளும் ஓர் உயிர் அடுத்து எங்களிடம் வரக் கப்பல் தேவையில்லை.

பண்ணைகளை மறந்துவிடாதீர்கள். பசிபிக் சிப்பி 1950-களில் வளர்ப்புக்காகத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது, பிறகு தென் கேப்பின் ஆற்று முகங்கள் சிலவற்றில் காட்டு உயிராகவும் பெருகியது. மன்னார் வளைகுடாவில் கப்பாஃபைகஸ் பாசிக்கு நடந்ததும் இதே கதை. மண்டபம் பக்கம் வளர்ப்புக்குக் கொண்டுவந்த பாசி, குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்திருப்பது 2008-இல் பதிவானது.

இந்த வரைபடத்தை ஆண்டுதோறும் திருத்த வேண்டும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட ஆரம்பித்ததும் நிறையக் கப்பல்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரத் தொடங்கின. முந்தைய ஆண்டு சரியாக இருந்த வரைபடம் ஒரே மாதத்தில் பழையதாகிவிட்டது.

படி 2: அனுமதிகள்

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஆனால் செய்யும்போது சீக்கிரம் முடியாது. உயிர்களைச் சேகரிக்க 1998-ஆம் ஆண்டின் கடல்வாழ் வளச் சட்டத்தின்கீழ் அனுமதி. துறைமுகத்துக்குள் நுழையத் துறைமுக ஆணையத்தின் அனுமதி. முக்குளிப்பவருக்கு அறிவியல் பணிக்கான சான்றிதழ். இதில் நான் அழுத்திச் சொல்வது ஒன்று: ஏதாவது கண்டுபிடித்தால் அதை அகற்றுவதற்கான அனுமதியை யாரிடம், எந்தப் படிவத்தில், எத்தனை நாளில் வாங்க வேண்டும் என்பதையும் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது படி 7-இல் தெரியும்.

படி 3: இருப்பதைப் பதிவு செய்யுங்கள்

புதியது எது என்று சொல்ல, பழையது எது என்று தெரிந்திருக்க வேண்டும். அலுப்பான வேலைதான். பணம் கொடுப்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை, ஏனென்றால் முடிவில் காட்டுவதற்குப் பரபரப்பாக எதுவும் இருக்காது. ஆனால் இது இல்லாமல் மற்ற படிகள் எதற்கும் பொருள் இல்லை. 1999-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் கருவரி மட்டியைக் கண்டபோது, சில மாதங்களுக்கு முன் அதே இடத்தில் எடுத்த ஆய்வில் அது இல்லை என்று அவர்களால் காட்ட முடிந்தது. ‘இது புதிது, இப்போதே அடித்தால் ஒழிக்கலாம்’ என்று அரசிடம் தைரியமாகச் சொன்னார்கள்.

எங்கெல்லாம் பார்ப்பது? கப்பல் கட்டும் துறைத் தூண்கள், மிதவை மேடைகள், படகுத்துறை, மிதவைக் குறிகள், பழைய கயிறு, டயர், சேறு, பேஹெட் பக்கத்து அலையாத்திக் காடு. தூண்களில் அரை மீட்டர், 3 மீட்டர், 7 மீட்டர் ஆழங்களில் 0.1 சதுர மீட்டர் சட்டம் வைத்து, முதலில் படம் எடுத்து, பிறகு சுரண்டிப் பையில் சேகரிப்பது உலகின் பல துறைமுகங்களில் பின்பற்றும் முறை. நீங்களும் அதையே செய்தால் உங்கள் எண்களை மற்றவர்களின் எண்களோடு ஒப்பிட முடியும். சேற்றுக்கு அள்ளுவாளி, நண்டுக்கு இரை வைத்த பொறியை ஓர் இரவு, மிதவையுயிர்களுக்கு நுண்வலை.

பதப்படுத்துவதில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். முதல் ஆண்டு, கடல் பீச்சிகளையெல்லாம் நேராக ஃபார்மலினில் போட்டுவிட்டேன். உயிரோடு போட்டதால் அவை இறுகிச் சுருண்டு, உள்ளுறுப்பு எதையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போயின. ஃபார்மலின் மரபணுவையும் கெடுத்துவிடும், ஆகவே அந்த வழியும் அடைந்தது. ஒரு பருவத்தின் உழைப்பு வீண். இப்போது செய்வது இது: உயிரோடு இருக்கும்போதே நிறம் தெரியப் படம் எடுப்பது, ஏனென்றால் ஜாடிக்குள் போனால் நிறம் போய்விடும். கடல் பீச்சி, கடல் சாமந்தி போன்றவற்றைக் கடல்நீரில் மென்தால் படிகம் தூவி ஒரு மணி, இரண்டு மணி நேரம் தளரவிடுவது. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை 95 சதவீத எத்தனாலில் மரபணுவுக்காக ஒதுக்குவது. அதற்கப்புறம்தான் ஃபார்மலின். தேதி, இடம், ஆழம் எல்லாவற்றையும் நீர்புகாத தாளில் பென்சிலால் எழுதி ஜாடிக்குள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டு எத்தனாலில் அழிந்துவிடும்.

படி 4: தகடுகளைத் தொங்கவிடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி. செலவு குறைவு, பயன் அதிகம். 14 செ.மீ. சதுர பி.வி.சி. தகட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஒரு செங்கல்லின் அடியில் கட்டி, முகம் கீழே பார்க்கும்படி ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்கவிட வேண்டும். மேலே பார்த்தால் வண்டல் படியும், வெயில் பட்டுப் பாசி மட்டும் மண்டும். தூணில் கட்டாமல் மிதவை மேடையில் கட்டுங்கள். டர்பனில் பௌர்ணமி, அமாவாசை ஓதத்தில் நீர்மட்டம் கிட்டத்தட்ட 2 மீட்டர் ஏறி இறங்கும். மேடை அதோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் தகடு எப்போதும் ஒரே ஆழத்தில் இருக்கும்.

மூன்று மாதம் கழித்து எடுத்துக் கடல்நீர் நிரப்பிய பெட்டியில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், உயிரோடு நுண்ணோக்கியில் பாருங்கள். கட்டம் போட்ட கண்ணாடியை மேலே வைத்து, புள்ளிக்குப் புள்ளி எது இருக்கிறது என்று எண்ணுங்கள். கோடையில் இங்கே வளர்ச்சி மிக வேகம். மூன்று மாதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, முதலில் வந்தவை மறைந்துவிடும். ஆகவே டிசம்பர் முதல் மார்ச் வரை ஒரு மாதத் தகடுகளையும் தனியாக வைக்கிறேன்.

வெள்ளத்துக்குப் பிறகு கட்டாயம் புதுத் தகடு போடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஆறுகள் கொண்டுவந்த சேறும் நாணலும் பிளாஸ்டிக்கும் துறைமுகத்தை நிறைத்தன. அவ்வளவு நன்னீரும் வண்டலும் வந்தால் தூண்களில் ஒட்டியிருப்பவை பெருமளவு செத்து உதிரும். காலி இடம் கிடைக்கும். கடலடியில் காலி இடம் என்பது பெரிய சொத்து. அதை முதலில் பிடிப்பவை பெரும்பாலும் வேகமாக வளரும் அயல் இனங்கள்தான்.

தண்ணீரிலேயே மரபணுத் துணுக்குகளைத் தேடும் முறையும் இப்போது உண்டு. ஒன்றிரண்டு லிட்டர் நீரை வடிகட்டி, அதில் எந்த உயிரின் தடயம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல கருவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் துறைமுகத்தில் ஒரு சிக்கல்: கப்பல் கொட்டிய நீரில் செத்த லார்வாவின் துணுக்கு இருந்தாலும் ‘இருக்கிறது’ என்று காட்டும். மரபணு மணியடித்தால் போய்த் தேட வேண்டும். கையில் உயிர் அகப்படும் வரை யாரிடமும் ‘வந்துவிட்டது’ என்று சொல்லாதீர்கள்.

படி 5: இனம் காணுதல்

தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். பசிபிக் கொட்டலசு ஒன்று கேப் பக்கத்துப் பாறைகளில் இருப்பது 2000-களின் பிற்பகுதியில்தான் உணரப்பட்டது. பிறகு பழைய புகைப்படங்களைப் புரட்டினால் 1990-களின் தொடக்கத்திலேயே அது அங்கே இருக்கிறது. எல்லோரும் அதைத் தாண்டி நடந்திருக்கிறார்கள்.

கைக்கு எளிதான ஓர் உதாரணம் சொல்கிறேன். ஐரோப்பியக் கரை நண்டு 1983-இல் கேப் டவுன் துறைமுகப் பகுதியில் முதலில் பதிவானது. உலகின் மோசமான ஆக்கிரமிப்பு உயிர்களுள் ஒன்று. பச்சை நண்டு என்று பெயர், ஆனால் நிறத்தை நம்பக் கூடாது. பழுப்பு, செம்மஞ்சள் எல்லாம் உண்டு. ஓட்டின் முன்விளிம்பில் கண்ணுக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் எத்தனை பல் என்று எண்ணுங்கள். இதற்கு ஐந்து. நம் களி நண்டுக்கு ஒன்பது. களி நண்டின் கடைசிக் கால் துடுப்புபோல அகன்று தட்டையாக இருக்கும், கரை நண்டுக்கு அப்படி இருக்காது. இந்த இரண்டு அடையாளத்தையும் பத்து வயதுப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்கலாம்.

மட்டி, பீச்சி, பாசிப்பூச்சி (பாசிபோலக் கூட்டமாகப் படரும் நுண்ணுயிர் விலங்கு) போன்றவற்றுக்கு இது போதாது. உருவத்தை வைத்து ஒரு பெயர், மரபணுவை வைத்து ஒரு பெயர், இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்தக் குழுவையே வாழ்நாள் முழுதும் படித்த வகைப்பாட்டியல் நிபுணர் ஒருவருக்கு அனுப்புங்கள். அப்படிப்பட்டவர்கள் உலகில் குறைந்துகொண்டே வருகிறார்கள், அது எனக்குப் பெரிய கவலை. மாதிரியை அருங்காட்சியகத்தில் வைத்து எண் வாங்குங்கள். மாதிரி இல்லாத பதிவு பிறகு யாராலும் சரிபார்க்க முடியாத பதிவு.

படி 6: எவ்வளவு ஆபத்து?

அடையாளம் உறுதியானதும் பதற்றப்படாமல் சில கேள்விகளை எழுதி விடை தேடுங்கள். இங்கே இனப்பெருக்கம் செய்கிறதா, அல்லது கப்பலிலிருந்து உதிர்ந்த சில மட்டும்தானா? முட்டை சுமந்த பெண், பல அளவுகளில் குஞ்சு கிடைத்தால் குடும்பம் நடக்கிறது என்று பொருள். லார்வா எத்தனை நாள் நீரில் மிதக்கும்? கரை நண்டு ஒரு முறைக்கு 1,85,000 முட்டை வரை இடும், அதன் லார்வா பல வாரம் மிதக்கும். இதற்கு மாறாக, சில கடல் பீச்சிகளின் லார்வா சில மணி நேரத்தில் ஒட்டிவிடும், தானாக வெகுதூரம் போகாது. இரண்டாவது வகையை அடக்குவது எளிது. வேறு எங்கே தீங்கு செய்தது? அதை எதிர்க்கும் இயற்கை இங்கே இருக்கிறதா?

விடை எப்போதும் கறுப்பு வெள்ளையாக வராது. முதலில் சொன்ன மத்திய தரைக்கடல் மட்டியையே பாருங்கள். மேற்குக் கரையின் சொந்த மட்டியை அது பாறைகளிலிருந்து நெருக்கித் தள்ளியது உண்மை. சல்டானாவின் மட்டி வளர்ப்புத் தொழில் அதை நம்பி நிற்பதும், ஆப்பிரிக்கக் கறுப்புச் சிப்பிப்பிடிப்பான் பறவைக்கு அது ஏராளமான உணவானதும் அதே அளவு உண்மை. நாட்டின் 2004-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் இனங்களைப் பிரித்து வைப்பது இதற்காகத்தான். 1ஏ என்றால் ஒழிக்க வேண்டியது, 1பி என்றால் கட்டுப்படுத்த வேண்டியது, 2 என்றால் அனுமதியோடு வளர்க்கலாம், 3 என்றால் இருப்பது இருக்கட்டும், ஆனால் விற்கவோ பெருக்கவோ கூடாது. உங்கள் அறிக்கை இந்தப் பிரிவுகளின் மொழியில் இருந்தால்தான் அதிகாரிகளால் அதை வைத்து ஏதாவது செய்ய முடியும்.

படி 7: ஒழிக்க முடியுமா என்று முடிவெடுங்கள்

நான்கு சம்பவங்களை அருகருகே வைத்துப் படியுங்கள்.

டார்வின், 1999. அங்கே ஓதம் மிகப் பெரியது என்பதால் படகுத்துறைகளுக்கு மதகுக் கதவு இருந்தது. கதவை மூடி, உள்ளே குளோரினும் தாமிர சல்ஃபேட்டும் கலந்து, வெளியே போன படகுகளையும் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். சில வாரத்தில் கருவரி மட்டி ஒழிந்தது. மதகுக்குள் மற்ற உயிர்களும் செத்தன, அதை மறைக்கக் கூடாது.

கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் அருகே ஒரு காயலில் 2000-இல் காலெர்ப்பா என்னும் பாசி கிடைத்தது. மொனாக்கோ பக்கத்தில் 1984-இல் சின்னத் திட்டாக இருந்தபோது விட்டுவிட்டதால் மத்திய தரைக்கடலில் பரவிய அதே பாசி. கலிபோர்னியாவில் ஒவ்வொரு திட்டையும் தார்ப்பாய் போட்டு மூடி, அடியில் குளோரின் செலுத்தினார்கள். 2006-இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

மூன்றாவது நம் வீட்டுக் கதை. தென்னாப்பிரிக்காவின் சின்னப் புழு ஒன்று, அபலோனி நத்தைகளோடு கலிபோர்னியப் பண்ணைகளுக்குப் போய்ச் சேர்ந்து, ஓடுகளை உருக்குலைத்தது. கயூகோஸ் என்ற இடத்தில் பண்ணைக் கழிவுநீர் வழியாகக் கடற்கரை நத்தைகளுக்கும் தொற்றியது. 1990-களில் அங்கே சுமார் 16 லட்சம் நத்தைகளைக் கையால் பொறுக்கி அகற்றினார்கள். புழு தொற்ற ஆள் இல்லாமல் அழிந்தது. நம்மிடமிருந்து போவதும் ஆக்கிரமிக்கும் என்பதற்காகவே இதை வகுப்பில் தவறாமல் சொல்கிறேன்.

நான்காவது ஹவுட் பே. கேப் டவுனுக்குப் பக்கத்துச் சிறிய துறைமுகம். 2014-இல் தொடங்கி ஓராண்டு பொறி வைத்து 36,000-க்கும் மேற்பட்ட கரை நண்டுகளை எடுத்தார்கள். ஆப்பிரிக்கக் கடலில் ஓர் அயல் உயிரை முழுதாக ஒழிக்க எடுத்த முன்னோடி முயற்சி. ஒழியவில்லை. கண்டுபிடித்து முப்பது ஆண்டு கழித்துத் தொடங்கிய வேலை அது. அனுமதியும் பணமும் வந்து சேரும் வேகம் வேறு, நண்டு முட்டையிடும் வேகம் வேறு. தோல்வியை மறைக்காமல் எழுதி வெளியிட்டதற்காக அந்த அறிவியலாளர்களை மனதார மதிக்கிறேன். அதைப் படித்ததால்தான் படி 2-இல் அகற்றும் அனுமதியைப் பற்றி முன்கூட்டியே கேட்கச் சொன்னேன்.

இவற்றிலிருந்து நான் வைத்திருக்கும் அளவுகோல்: பரப்பு சிறியதா, எல்லை தெரிகிறதா, கடைசி ஒன்று வரை கண்டுபிடிக்க முடியுமா, மறுபடி வரும் வழியை அடைத்தாயிற்றா, இரண்டு மூன்று ஆண்டுக்குப் பணம் கையில் இருக்கிறதா. ஐந்துக்கும் ஆம் என்றால் அன்றே ஆரம்பியுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் ‘ஒழிப்பு’ என்று பெயர் வைக்காதீர்கள், ‘அடக்குதல்’ என்று வையுங்கள். அடக்குவதும் பெரிய வேலைதான். கரை நண்டு அலை அடிக்கும் திறந்த கரையில் நிலைக்காமல் துறைமுகங்களின் அமைதியான நீரிலேயே இருக்கிறது. அது சல்டானா வளைகுடாவை ஒட்டிய லாங்கபான் காயலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதே இன்றைய முக்கிய இலக்கு.

அடக்கும் முறைகளில் எளியவற்றை முதலில் பாருங்கள்: படகைக் கரையேற்றி நன்றாகக் காயவிடுவது, நன்னீரில் நனைப்பது, தூணைப் பிளாஸ்டிக்கால் இறுகச் சுற்றி உள்ளே மூச்சுத்திணற விடுவது. தண்ணீருக்குள்ளேயே கப்பலைச் சுரண்டுவதை, கழிவை உறிஞ்சிப் பிடிக்கும் கருவி இல்லாமல் செய்ய விடவே கூடாது. சுரண்டும்போது உடையும் உயிர்கள் அதிர்ச்சியில் முட்டையை விட்டுவிடும். சுத்தம் செய்கிறோம் என்று விதைத்துவிடுவோம்.

படி 8: கப்பலிலேயே தடுங்கள்

பாலாஸ்ட் தண்ணீர் உடன்படிக்கை 2004-இல் உருவாகி, 2017 செப்டம்பர் 8-இல் அமலுக்கு வந்தது. தென்னாப்பிரிக்கா 2008-இலேயே ஒப்புதல் அளித்துவிட்டது. பழைய முறைப்படி, கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், 200 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்தில், தொட்டி நீரில் குறைந்தது 95 சதவீதத்தை மாற்ற வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது போதாது, நீரைச் சுத்திகரித்தே விட வேண்டும். ஒரு கன மீட்டரில் 50 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறையாத உயிர்கள் பத்துக்கும் குறைவாக, ஒரு மில்லிலிட்டரில் 10 முதல் 50 மைக்ரான் வரையுள்ளவை பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். காலரா கிருமிக்கும் தனி வரம்பு உண்டு.

சோதிக்கப் போகும்போது முதலில் பதிவேட்டைக் கேளுங்கள்: எந்தத் தொட்டி, எங்கே நிரப்பியது, கருவி ஓடியதா. அப்புறம் உப்புத்தன்மை. ஆற்றுமுகத் துறைமுகத்தில் நிரப்பி நடுக்கடலில் மாற்றியதாகச் சொல்லும் தொட்டியில் உப்பு ஆயிரத்துக்கு 30-க்குக் கீழே இருந்தால் மேலும் கேள்வி கேட்க வேண்டும். சுத்திகரிப்பு பெரும்பாலும் வடிகட்டியும் புற ஊதா விளக்கும், அல்லது கடல்நீரிலிருந்தே மின்சாரத்தால் உண்டாக்கும் குளோரின். கலங்கிய சேற்று நீரில் புற ஊதா ஒளி ஊடுருவாது. ஆகவே கப்பல் கலங்கிய துறையில் நீர் நிரப்பியதா என்று கேட்பது வீண் கேள்வி அல்ல.

கப்பலடியில் ஒட்டுபவற்றுக்கு இதுபோல் கட்டாயச் சட்டம் உலக அளவில் இன்னும் இல்லை. 2011-இல் வந்து 2023-இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதல்கள்தான் இருக்கின்றன. முன் கதவைப் பூட்டிவிட்டுப் பின் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பதே என் கருத்து.

படி 9: தண்ணீரைத் தினமும் பார்ப்பவர்களிடம் பேசுங்கள்

ஆண்டுக்கு நான்கு முறை தகடு எடுக்கும் எனக்குத் தெரிவதைவிட, வாரத்தில் ஐந்து நாள் தூண்டில் போடுபவருக்கு அதிகம் தெரியும். டர்பனில் இது வெறும் பேச்சு அல்ல. ஒப்பந்தம் முடிந்து கரும்புத் தோட்டத்தை விட்டு வந்த இந்தியக் குடும்பங்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே சாலிஸ்பரி தீவில் குடியேறி, வளைகுடாவில் வலை இழுத்தன. அவர்களின் வழிவந்தவர்கள் சிலர் இன்றும் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் மெர்பேங்கிலிருந்தும் விடியற்காலையில் தூண்டிலோடு கிளம்புகிறார்கள். அறிவிப்புப் பலகையை இசிஜுலுவிலும் ஆங்கிலத்திலும் வையுங்கள், எல்லோருக்கும் எட்டுவது அதுதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது, பாட்டி வீட்டில் கேட்ட தமிழ் நாலு வார்த்தை வந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

என்ன கேட்க வேண்டும் என்பதில் கவனம். ‘அயல் உயிர் பார்த்தீர்களா?’ என்று கேட்டால் யாருக்கும் எதுவும் தோன்றாது. ‘முன்னே இல்லாதது ஏதாவது தூண்டிலில் வந்ததா?’ என்று கேளுங்கள். பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லுங்கள்: பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து மேலே, கீழே, முன்னே என்று மூன்று படம், இடம், நேரம், உடனே ஒரு செய்தி. அடையாளம் உறுதியாகும் வரை கொல்லச் சொல்லாதீர்கள். பயத்தில் சொந்த உயிரை அடித்துவிடுவார்கள். மற்றொன்று: வருகிற ஒவ்வொரு செய்திக்கும் அன்றே பதில் சொல்லுங்கள், பத்தில் ஒன்பது ஒன்றுமில்லாததாக இருந்தாலும். ஒருமுறை பதில் வராவிட்டால் அவர் அடுத்த முறை எழுத மாட்டார். அந்த அடுத்த முறைதான் நமக்கு வேண்டிய முறையாக இருக்கும்.

என்னிடம் முதலில் செய்தி சொல்ல ஆரம்பித்தவர் எழுபது தாண்டிய ஒரு தாத்தா. போன மார்ச்சில், நான் தகடுகளைக் கழற்றிக்கொண்டிருந்த காலையில் கூப்பிட்டார். “கண்ணு, ஒரு நண்டு வந்திருக்கு, நிறமே சரியில்லை.”

“பல்லை எண்ணினீங்களா, தாத்தா?”

“கண்ணாடி எடுத்து வரலை. நீ வந்து பாரு.”

ஈரக் கையோடு போனேன். வாளியில் உள்ளங்கை அளவு நண்டு, வழக்கத்தைவிட வெளிறிய பச்சை. திருப்பிப் பிடித்துக் கண்ணுக்கு வெளியே எண்ணினேன். ஒன்பது. கடைசிக் காலும் துடுப்புபோல் தட்டை. களி நண்டுக் குஞ்சு, ஓடு கழற்றிச் சில நாள்தான் ஆகியிருக்கும். அவரிடமும் கொடுத்து விரலால் தடவி எண்ணச் சொன்னேன். எண்ணி முடித்ததும் மெல்லத் தண்ணீரில் விட்டார். இடத்தையும் நேரத்தையும் என் பதிவேட்டில் எழுதினேன், அடையாளம் என்ற கட்டத்தில் ‘சொந்த இனம்’ என்று குறித்து, மீதித் தகடுகளைக் கழற்றப் போனேன்.